18 மாதமாகியும் ஆறாத இரத்தக்குழாய்: நோயெதிர்ப்பு செல்கள் வேலையை முடிக்க முடியாமல் போன ஒரு நிகழ்வு

இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் அது எப்படி ஆறுகிறது, அதில் நோயெதிர்ப்பு செல்களுக்கு என்ன வேலை என்பதை நல்லபடியாக ஆறிய குழாயை வைத்துச் சொல்வது கடினம். எல்லாம் முடிந்து, வந்த செல்கள் போய், தடயம் அழிந்த பிறகு பார்க்க எதுவும் மிச்சமிருக்காது. ஆறாமல் நின்றுபோன குழாய்தான் அதிகம் சொல்லிக்கொடுக்கும். அதனால் 2004இல் 'சர்க்குலேஷன்' இதழில் நோயியல் வல்லுநர் ரேணு விர்மானி குழுவினர் வெளியிட்ட ஒரு நோயாளியின் விவரத்தை எடுத்துக்கொள்கிறேன். இதய மருத்துவத்தில் இருப்பவர்களுக்கு இது பழைய செய்தி. ஆனால் இதைப் பாலிமர் ஒவ்வாமை, அதாவது குழாயைத் திறந்து வைக்கப் பொருத்திய ஸ்டென்ட் என்ற உலோக வலையின் பிளாஸ்டிக் போன்ற பூச்சுக்கு வந்த ஒவ்வாமை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அது எனக்குப் போதவில்லை.

நிகழ்வு

58 வயது ஆண். ஓய்வில் இருக்கும்போதுகூட வரக்கூடிய, எப்போது மாரடைப்பாக மாறும் என்று சொல்ல முடியாத வகை நெஞ்சுவலி. இதயத் தமனியில் இரண்டு சைஃபர் ஸ்டென்ட் வைத்தார்கள். சைஃபர் என்பது சிரோலிமஸ் மருந்தைப் பாலிமரில் கலந்து உலோக வலைமேல் பூசிய ஸ்டென்ட். ஐரோப்பாவில் 2002இலும் அமெரிக்காவில் 2003இலும் அனுமதி பெற்றது.

8ஆம் மாதம் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள், கூடவே குழாய்க்குள்ளேயே நுண்கருவியை விட்டு அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். ஸ்டென்ட்டுக்குள் சதை வளர்ச்சி இல்லை. அந்தக் காலத்து அளவுகோலின்படி இதுதான் நல்ல முடிவு. ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது: ஸ்டென்ட் இருந்த பகுதியில் குழாய் அகன்றிருந்தது.

18ஆம் மாதம் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து அவர் இறந்தார்.

உடற்கூறாய்வில் ஸ்டென்ட் வைத்த பகுதிகள் பலூன்போல வீங்கியிருந்தன. சுவர் விலகிப் போனதால் உலோகக் கம்பிகளுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி. சுவர் முழுக்க அழற்சி செல்கள், பெரும்பாலும் டி செல்கள், இயோசினோஃபில்கள் என்ற இரண்டு வகை வெள்ளணுக்கள். பாலிமர்த் துணுக்குகளைச் சுற்றிப் பூதச் செல்கள், அதாவது குப்பையை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் பல ஒன்றோடொன்று இணைந்து உருவான பெரிய செல்கள். சிரோலிமஸ் மருந்து இரண்டு மாதத்துக்குள் வெளியேறிவிடக்கூடியது, 18ஆம் மாதம் அங்கே மிச்சமிருந்தது பாலிமர்தான். அதனால் குற்றவாளி பாலிமர் என்று எழுதினார்கள். அது நியாயமான முடிவு.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. வந்திருந்தவை எல்லாம் நோயெதிர்ப்பு செல்கள். இதே குடும்பத்துச் செல்கள்தான் ஸ்டென்ட் வைத்த மற்றவர்களின் குழாய்களிலும் வந்தன, அங்கே ஆற்றிவிட்டுப் போயின. இங்கே மட்டும் ஏன் போகவில்லை?

நடந்திருக்க வேண்டியது

ஸ்டென்ட்டை விரிக்கும் பலூனில் வளிமண்டல அழுத்தத்தைப்போல பத்து மடங்குக்கும் மேல் அழுத்தம் ஏற்றுவார்கள். அந்த அழுத்தத்தில் குழாயை அடைத்திருக்கும் கொழுப்புத் திட்டு பிளக்கும், குழாயின் உட்பூச்சாக இருக்கும் எண்டோதீலியம் உரிந்து போகும். எண்டோதீலியம் ஒரே ஒரு செல் அடுக்குதான், பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன். ஆனால் இரத்தம் ஓடிக்கொண்டே இருந்தும் குழாய்க்குள் உறையாமல் இருப்பது இந்த அடுக்கால்தான். நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் சுரந்து, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அசெட்டைல்கோலின் கொடுத்தால் தமனி தளர வேண்டும், ஆனால் உட்புறத்தைத் தேய்த்து இந்த அடுக்கை நீக்கிவிட்டால் தளர்வதே இல்லை என்று 1980இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். அதற்கு முன் நெடுங்காலம் இதை வெறும் உறை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பில் தொடங்கிய பாதைக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, உரிந்துவிட்டது. அடியில் இருக்கும் கொலாஜன் இரத்தத்துக்குத் தெரிகிறது. சில நிமிடங்களிலேயே தட்டணுக்கள் ஒட்டுகின்றன, உறைகட்டியின் நார்ப்புரதமான ஃபைப்ரின் படிகிறது. ஒட்டிய தட்டணுக்கள் பி-செலக்டின் என்ற பிடிமானப் புரதத்தை வெளிக்காட்டுகின்றன, ஓடும் வெள்ளணுக்கள் அதில் சிக்கி நிற்கின்றன. நோயெதிர்ப்பு செல்கள் காயத்துக்குள் நுழைவது இந்த வழியாகத்தான்.

முதலில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள். இவற்றுக்குக் கெட்ட பெயர்தான் அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது: திசுவை அரிக்கும் நொதிகளைக் கொட்டும், தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசி இரத்தம் உறைவதைத் தூண்டும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. எலியின் கழுத்துத் தமனியைக் காயப்படுத்திப் பார்த்த ஓர் ஆய்வில், நியூட்ரோஃபில்கள் காதெலிசிடின் என்ற புரதத்தைக் காயத்தின்மேல் படியவிட்டுப் போவதும், அது உட்சுவர் மூடுவதற்கு உதவி, அடைப்பு வளராமல் தடுப்பதும் 2011இல் தெரியவந்தது.

2017இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எலியின் கல்லீரலில் கிருமி இல்லாத ஒரு சின்னச் சூட்டுக் காயம் உண்டாக்கி, உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நியூட்ரோஃபில்கள் செத்த இரத்தக்குழாய்களைப் பிரித்தெடுத்துப் புதுக் குழாய் வளர வழி அமைத்தன. அதன் பிறகு பாடநூல்கள் சொன்னபடி அங்கேயே சாகவில்லை. திரும்ப இரத்தத்துக்குள் போய், நுரையீரலில் கொஞ்சம் தங்கி, எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பி அங்கே இறந்தன. வேலை முடிந்ததும் இடத்தைக் காலி செய்வது என்பது இவற்றின் நடத்தையிலேயே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த நோயாளியிடம் வரும்போது இது தேவைப்படும்.

நியூட்ரோஃபில்களுக்குப் பின்னால் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள். இதில் குறைந்தது இரண்டு வகை உண்டு. ஒருவகை அழற்சி இருக்கும் இடத்துக்குக் கூட்டமாகப் போய் மேக்ரோஃபேஜாக மாறும். இன்னொரு வகை, காயம் இல்லாத சமயத்திலும்கூட உட்சுவரை ஒட்டி மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும், சில சமயம் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில்கூட. இந்த ரோந்து மோனோசைட்டுகளை 2007இல் கைஸ்மன் ஆய்வகத்தார் எலிகளில் விவரித்தார்கள். 2013இல் அதே ஆய்வுத் தொடர்ச்சியில், சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் இவை என்ன செய்கின்றன என்பது தெரிந்தது: ஒரு எண்டோதீலிய செல்லில் ஆபத்து அறிகுறி தெரிந்தால் அங்கே நின்று நியூட்ரோஃபில்களை வரவழைக்கின்றன, அவை அந்தச் செல்லைக் கொல்கின்றன, பிறகு சிதைந்த துண்டுகளை இந்த மோனோசைட்டுகளே அகற்றுகின்றன. கெட்டுப்போன செல்லை வைத்துக்கொண்டு ஆற முடியாது, முதலில் அதை நீக்க வேண்டும். ஆற்றுவதில் கொல்வதும் ஒரு பகுதி என்பதை ஏற்றுக்கொள்ளப் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உள்ளே போன மோனோசைட்டுகள் மேக்ரோஃபேஜ் ஆகி ஃபைப்ரினையும் செத்த செல்களையும் விழுங்குகின்றன. இங்கேதான் திருப்பம். செத்த செல்லை விழுங்கிச் செரிப்பதே மேக்ரோஃபேஜின் குணத்தை மாற்றுகிறது. அழற்சியைக் கூட்டும் சமிக்ஞைகள் குறைந்து, இன்டர்லூகின்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற அடக்கும் சமிக்ஞைகள் கூடுகின்றன, குழாய் செல்களை வளரச் சொல்லும் விஈஜிஎஃப் சுரக்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இந்த மாற்றத்துக்குத் துணை நிற்கின்றன. அதாவது, இரண்டாம் கட்டம் தொடங்குவதற்கு முதல் கட்டத்தின் குப்பை தின்று தீர வேண்டும். தீராவிட்டால் மேக்ரோஃபேஜ் முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

ஒரு மேக்ரோஃபேஜை அருகில் பார்த்தால்

சமிக்ஞை, சுரப்பு என்று பேசிக்கொண்டிருந்தால் இந்தச் செல்கள் தூர நின்று கட்டளையிடுபவை என்ற எண்ணம் வந்துவிடும். 2016இல் 'இம்யூனிட்டி' இதழில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டதைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

ஜீப்ரா மீனின் குஞ்சு கண்ணாடிபோல ஒளி ஊடுருவக்கூடியது. அதன் மூளையில் ஒரு நுண்குழாயை லேசரால் அறுத்துவிட்டு, நிறமேற்றிய செல்களைத் தொடர்ந்து படம் பிடித்தார்கள். அறுந்த குழாயின் இரண்டு முனைகளும் தனித்தனியாக நிற்கின்றன. ஒரு மேக்ரோஃபேஜ் அந்த இடத்துக்கு வருகிறது. தன் உடலிலிருந்து மெல்லிய விரல்களையும் தட்டையான மடிப்புகளையும் நீட்டி ஒரு முனையைப் பிடிக்கிறது, மறுபக்கம் நீட்டி இன்னொரு முனையையும் பிடிக்கிறது. இரண்டையும் பிடித்த பிறகு இழுக்கிறது. தையற்காரர் கிழிந்த துணியின் இரண்டு ஓரங்களையும் விரலால் இழுத்துச் சேர்ப்பதுபோல, உடல் வலுவால் இழுக்கிறது. முனைகள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன, குழாய் மறுபடி ஒன்றாகிறது. செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகளைக் கலைத்தாலோ, ராக்1 அல்லது பிஐ3கே என்ற புரதங்களை முடக்கினாலோ அந்தப் பிடி நழுவுகிறது, குழாய் சரியாகச் சேர்வதில்லை.

மீன் குஞ்சின் மூளையில் நடந்தது மனிதனின் இதயத் தமனியில் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. இதயத் தமனி மில்லிமீட்டர் கணக்கில் அகலமானது, அதன் இரண்டு பக்கங்களை ஒரு செல் இழுத்துச் சேர்க்க முடியாது. ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது: அந்த மேக்ரோஃபேஜ் குழாய் செல்லாக மாறவில்லை. குழாய் செல்கள் சேர்வதற்கு வழி செய்தது, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு புரிய மருத்துவத்துக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1997இல் அசஹாரா குழுவினர் மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த செல்கள் ஆய்வகத் தட்டில் எண்டோதீலியம்போல வளர்ந்ததைக் காட்டினார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் முன்னோடி செல்கள் காயத்தில் ஒட்டிப் புது உட்சுவராகிவிடும் என்ற நம்பிக்கை பரவியது. அந்தச் செல்களைப் பிடித்து ஒட்டவைக்கும் எதிர்ப்புரதம் பூசிய ஸ்டென்ட்டும் வந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டைவிட அது மேல் என்று நிரூபணமாகவில்லை. 2003இல் வந்த ஓர் ஆய்வு, இப்படி வளர்த்த செல்களில் பெரும்பகுதி மோனோசைட்டிலிருந்து வந்தவை, அவை வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து மற்ற செல்களை வளரவைக்கின்றன என்று காட்டியது. அப்புறம் எலிகளில் செல்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தபோது பெரிய தமனியின் உட்சுவரை மூடுவது காயத்தின் ஓரத்தில் தப்பிப் பிழைத்த எண்டோதீலிய செல்கள்தான் என்பது உறுதியானது. 2018இல் எலியின் மகாதமனியில் செய்த ஆய்வில், அந்த ஓரத்துச் செல்களிலும் ஒரு சிறு பகுதிதான் மளமளவென்று பெருகி இடைவெளியை அடைக்கிறது என்று தெரிந்தது.

ஆக, வளர்வது பக்கத்துச் செல். அது வளரும்படி இடத்தைச் சுத்தம் செய்து, சமிக்ஞை கொடுத்து, பிறகு ஒதுங்குவது நோயெதிர்ப்பு செல். எண்டோதீலியத்தை மட்டும் வளரவைக்கவும் முடியாது. அடியில் இருக்கும் மென்தசைச் செல்களும் இதே அழற்சியைக் கேட்டுப் பெருகும். அது எல்லை மீறினால் ஸ்டென்ட்டுக்குள் மறுபடி அடைப்பு.

அந்த நோயாளியிடம் திரும்புவோம்

மருந்து பூசாத பழைய ஸ்டென்ட்டுகளின் தொல்லையே அந்த மறு அடைப்புதான். அதை நிறுத்தத்தான் சிரோலிமஸ் வந்தது. ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்ட இந்த மருந்து, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கவும் கொடுக்கப்படுகிறது. எம்டார் என்ற புரதத்தை மறித்து செல்கள் பெருகுவதைத் தடுக்கும். 2002இல் வெளியான ரேவல் என்ற சோதனையில், ஆறாம் மாதம் சிரோலிமஸ் ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட மறு அடைப்பு இல்லை. சாதா ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கு இருந்தது. அன்றைக்கு எழுந்த உற்சாகத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எம்டார் மென்தசைச் செல்லுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஓரத்திலிருந்து பெருக வேண்டிய எண்டோதீலிய செல்லுக்கும் அது வேண்டும், டி செல்லுக்கும் வேண்டும். எனவே முதல் வாரங்களில் வளர வேண்டியது வளரவில்லை, வர வேண்டிய நோயெதிர்ப்பு செல்களும் பாதி அடங்கிக் கிடந்தன. மருந்து தீர்ந்ததும் அடக்கி வைத்தது விலகியது. அப்போது அந்தச் செல்கள் எதிர்கொண்டது என்ன? வெறும் காயத்தை மட்டுமல்ல, கரையாத பாலிமரையும்தான்.

இரண்டாம் கட்டம் குப்பை தின்று தீர்வதில் தொடங்குகிறது என்று மேலே சொன்னேன். பாலிமரைத் தின்ன முடியாது. விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய பொருளை எதிர்கொள்ளும்போது மேக்ரோஃபேஜ்கள் ஒன்றுசேர்ந்து பூதச் செல்லாகின்றன, அதன்மேல் படர்ந்து நொதிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. உடற்கூறாய்வில் பாலிமர்த் துணுக்குகளைச் சுற்றிப் பூதச் செல்கள் இருந்தன என்ற ஒரு வரியை நான் இப்படித்தான் படிக்கிறேன்: சுத்தம் செய்யும் வேலை 18 மாதமாக முடியாமல் நடந்துகொண்டிருந்தது. இது என் வாசிப்பு, ஆய்வுக் கட்டுரை இவ்வளவு தூரம் போகவில்லை. எல்லோருக்கும் இப்படி ஆகவில்லை என்பதும் உண்மை. அதே பாலிமர் வைத்த பெரும்பாலானவர்களின் உடல் அதோடு சமாதானமாகப் போய்விட்டது. இவருடைய டி செல்கள் அதை எதிரியாகக் கண்டுகொண்டன, இயோசினோஃபில்களை அழைத்தன. சாதாரணமாக ஆறும் தமனியில் இயோசினோஃபில்களுக்கு இவ்வளவு பெரிய பங்கு கிடையாது, அவை இருப்பதே ஒவ்வாமை வழி திறந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

மாதக்கணக்கில் நொதிகள் கொட்டினால் சுவரின் இழைகள் தளரும், குழாய் அகலும், உலோகம் சுவரை விட்டு விலகும். விலகிய இடத்தில் இரத்தம் தேங்கும், கம்பிமேல் எண்டோதீலியம் ஏற வழி இல்லை. கடைசியில் உறைகட்டி.

8ஆம் மாதப் பரிசோதனையை மறுபடி யோசித்துப் பாருங்கள். சதை வளரவில்லை என்பது வெற்றியாகக் கொள்ளப்பட்டது. மறு அடைப்பைத் தேடிப் போனவர்களுக்கு மறு அடைப்பு இல்லை என்று தெரிந்தது, அதில் பிழை இல்லை. ஆனால் காயம் ஆறுவதும் வளர்ச்சிதான். எதுவுமே வளராத சுவர் ஆறியிருக்கிறதா, ஆறாமல் நிற்கிறதா என்ற கேள்வியை அந்தப் படம் கேட்கவே இல்லை. குழாய் அகன்றிருந்தது என்ற குறிப்பு மட்டும்தான் உள்ளே நடந்துகொண்டிருந்ததை வெளியே காட்டியது.

இவர் ஒருவர் மட்டுமா

பாலிமருக்கு இவ்வளவு கடுமையான எதிர்வினை அரிது. ஆனால் தாமதமாக ஆறுவது அரிது அல்ல. அதே 2004இல் 'லான்செட்' இதழில் நான்கு நோயாளிகளின் விவரம் வந்தது: மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து 335, 343, 375, 442ஆம் நாட்களில் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு. நான்கு பேருக்குமே தட்டணு எதிர்ப்பு மருந்தை நிறுத்திய கொஞ்ச நாளில் நடந்தது. 2006இல் வெளியான உடற்கூறாய்வுத் தொகுப்பில், ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட மருந்து ஸ்டென்ட்டுகளில் சராசரியாக 56 விழுக்காடு பரப்பில்தான் எண்டோதீலியம் படர்ந்திருந்தது, சாதா ஸ்டென்ட்டுகளில் அது 90 விழுக்காடு. ஃபைப்ரின் அப்படியே கிடந்தது. தின்று தீர்க்க வேண்டியது தீரவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் நிபுணர் குழு கூடி இதை விவாதித்தது. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஒரு வருடமாவது தொடர வேண்டும் என்ற நிலைப்பாடு வலுத்தது. எண்டோதீலியம் செய்ய வேண்டிய வேலையை, அது வந்து சேரும்வரை மாத்திரை செய்கிறது என்பதுதான் இதன் பொருள். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பல் பிடுங்குவதற்கோ வேறு சின்ன அறுவைச் சிகிச்சைக்கோ அந்த மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட வேண்டாம்.

ஸ்டென்ட்டுகளும் மாறின. சைஃபரின் கம்பி 140 மைக்ரான் தடிமன், பிறகு வந்தவற்றில் 80 மைக்ரான் அளவுக்கு இறங்கியது. பாலிமரின் வேதியியல் மாறியது, சிலவற்றில் சில மாதங்களில் கரைந்துவிடும் பாலிமர். காயம் சிறிதாகி, தின்ன முடியாத பொருள் குறைந்ததும் ஆறும் வேகம் கூடியது, பிந்திய உறைவும் குறைந்தது.

அழற்சியையே மருந்தால் அடக்கிப் பார்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 2017இல் முடிவு வெளியான கேன்டாஸ் சோதனையில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தடுத்தபோது இதய நிகழ்வுகள் குறைந்தன, உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. குறைந்த அளவு இன்டர்லூகின்-2 கொடுத்து ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்கும் வழி ஆரம்பக் கட்டச் சோதனைகளில் இருக்கிறது. அடக்குவதைவிட இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவிடும் இந்த யோசனையில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பார்க்கும் கருவியில்தான் இன்னும் இடைவெளி. அந்த நோயாளிக்குச் செய்த அல்ட்ராசவுண்டால் நூறு மைக்ரானுக்கும் குறைவானதைப் பிரித்துக் காட்ட முடியாது. இப்போது ஒளியைக் கொண்டு எடுக்கும் ஓசிடி படம் 10 முதல் 15 மைக்ரான்வரை காட்டும், கம்பிமேல் ஏதோ மூடியிருப்பது தெரியும். மூடியிருப்பது எண்டோதீலியமா வெறும் ஃபைப்ரினா என்று அதுவும் சொல்லாது. அதனால் மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்பதை இன்றைக்கும் மருத்துவர் நாட்காட்டியையும் நோயாளியின் இரத்தக்கசிவு அபாயத்தையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார், அந்தக் குழாயின் உட்சுவரைப் பார்த்து அல்ல.